காக்காய்க்கடியும் காணாக்கடியும்

மாணவ நண்பர்களே! காக்காய்க்கடி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருப்பது ஒரு கடலை மிட்டாய். தின்ன வேண்டியவர் இருவர். சட்டை நுனியை அதன்மேல் போர்த்திப் பல்லால் ஒரு கடி கடித்தால் எச்சில் படாமல் இரண்டு துண்டாகிவிடும்! நம் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் பங்கீட்டு முறை இது.

காணாக்கடியும் நீங்கள் கேள்விப்பட்ட சொல்தான். உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கும். கடித்த பூச்சி எதுவென்று தெரியாது. "ஏதோ காணாக்கடி" என்பார் பாட்டி.

சில குழந்தைகளின் விஷயத்தில் இந்த இரண்டு கடிகளுக்கும் நேரான தொடர்பு உண்டு. முதல் கடியே இரண்டாவதற்குக் காரணமாகிவிடும். அத்தகைய குழந்தை முதன்முதலாகப் பால்வாடிக்குப் போகும் நாள், பெற்றோருக்குக் கவலை மிகுந்த நாள்.

முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டிய தெருக்களைக் காலையில் பாருங்கள். தம்பி தங்கையரைக் கைப்பிடித்துப் பால்வாடியில் விட்டுவிட்டுத் தம் பள்ளிக்கு ஓடும் அக்காக்களும் அண்ணன்களும் பலர். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆகவே இது பெரியவர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று, உங்களுக்கும் உரியது.

கப்பலில் தொடங்கிய கதை

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். 1901ஆம் ஆண்டு கோடையில் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தம் ஆய்வுக் கப்பலில் அட்லாண்டிக் கடலுக்குப் புறப்பட்டார். அவருடன் சார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு அறிவியலறிஞர்கள் சென்றனர். உடலில் பட்டால் தீப்போலச் சுடும் ஒருவகைக் கடற்சொறியின் நஞ்சை ஆராய்வது அவர்கள் பணி.

பாரிசுக்குத் திரும்பியபின் அவர்கள் கடல் அனிமோனின் நஞ்சை எடுத்துக்கொண்டு நாய்களிடம் சோதனைகளைத் தொடர்ந்தனர். சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தினால் உடல் அதற்குப் பழகித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அம்மை குத்துவதன் அடிப்படையும் அதுதானே?

நெப்டியூன் என்ற நாய்க்கு முதல்முறை சிறிதளவு நஞ்சு செலுத்தப்பட்டது. அதற்கு ஒன்றும் நேரவில்லை. 22 நாட்களுக்குப் பின், நல்ல உடல்நலத்துடன் இருந்த அதே நாய்க்கு அதே அளவு மீண்டும் செலுத்தப்பட்டது. சில நொடிகளில் அதற்கு மூச்சுத் திணறியது. 25 நிமிடங்களில் அது இறந்துபோயிற்று.

பாதுகாப்பை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது அதற்கு நேர்மாறானது! ஆகவே 'பாதுகாப்புக்கு எதிரானது' என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'அனஃபிலாக்சிஸ்' என்று ரிஷே அதற்குப் பெயரிட்டார். 1902இல் வெளியான இக்கண்டுபிடிப்பை ஒட்டி அவருக்கு 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் அன்றாடம் கூறும் 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவரான பிர்க்கே. தமிழில் ஒவ்வாமை என்கிறோம்.

நெப்டியூன் நமக்குக் கற்பித்த பாடம் இதுதான்: உடலுக்கு நினைவாற்றல் உண்டு. ஒருமுறை சந்தித்த பொருளை அது மறப்பதில்லை. அந்த நினைவு சில வேளைகளில் காக்கிறது. சில வேளைகளில் தாக்குகிறது.

மீன் ஒவ்வாத மருத்துவர்

அந்த நினைவு உடலில் எங்கே இருக்கிறது? இதற்கான விடையின் முதற்பகுதி 1921இல் கிடைத்தது. ஜெர்மானிய மருத்துவர் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய இரத்தச் சீரத்தில் ஒரு துளியை, மீன் நன்றாக ஒத்துக்கொள்ளும் தம் நண்பர் பிரவுஸ்நிட்சின் தோலில் செலுத்தினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் ஏற்றினார்கள். அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது! ஒவ்வாமை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் சீரத்தின் வழியே சென்றுவிட்டது. எனவே, இரத்தத்தில் மிதக்கும் ஏதோ ஒரு பொருளே அதற்குக் காரணம் என்பது உறுதியாயிற்று.

அந்தப் பொருள் என்ன என்பதைக் காண மேலும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இணையரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர். 1968இல் அதற்கு 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்ற பெயர் உறுதி செய்யப்பட்டது.

இனி, நிகழ்வது என்னவென்று காண்போம். நம் வட்டாரத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். அதன் புரதத்தை ஒரு குழந்தையின் உடல் தவறுதலாகப் பகையென்று எண்ணிவிடுகிறது. அதற்கென்றே இந்த எதிர்ப்பொருளைச் செய்து, தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள 'மாஸ்ட்' செல்களின்மேல் பதித்து வைக்கிறது. இந்த முதற்கட்டம் ஓசையின்றி நடந்து முடிகிறது. வெளியே எந்த அறிகுறியும் இராது.

அடுத்த முறை மல்லாட்டைப் புரதம் உள்ளே வரும்போது, அருகருகே உள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை அது பாலம்போல் இணைக்கிறது. உடனே மாஸ்ட் செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, தோல் தடிக்கிறது, உதடும் நாக்கும் வீங்குகின்றன, மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது. பாட்டி சொன்ன காணாக்கடியில் ஒருவகை இதுவே. பலருக்கு இது தோலோடு நின்றுவிடும். சிலருக்கு மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தாக்கும். அந்நிலையே அனஃபிலாக்சிஸ்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறவர்கள் உண்டு. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வரும் தொல்லை அது. துன்பம் தருமேயன்றி உயிரைப் பறிக்காது. பாலின் புரதத்தைப் பகையாகக் கருதும் பால் ஒவ்வாமை வேறு, அதுதான் ஆபத்தானது.

இயற்பியல் சொல்லும் எச்சரிக்கை

குழந்தைகளுக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து? உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் பாய்சொய் விதி இதை விளக்கும். குழாயில் பாயும் ஓட்டம் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. சீரான ஓட்டத்துக்கே இவ்விதி பொருந்தும் எனினும், நம் கணக்குக்கு இது போதும்.

பெரியவர் ஒருவரின் மூச்சுப்பாதையில் ஓரிடத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சுவர் 1 மில்லிமீட்டர் வீங்கினால் ஆரம் 3 ஆகும். ஓட்டம் எவ்வளவாகக் குறையும்? முக்காலின் நான்காம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சிறு குழந்தைக்கு அதே இடத்தின் ஆரம் 2 மில்லிமீட்டர் என்று கொண்டால், அதே 1 மில்லிமீட்டர் வீக்கத்தில் ஆரம் பாதியாகிவிடும். ஓட்டமோ பதினாறில் ஒரு பங்காகிவிடும்! வீக்கம் ஒன்றேயாயினும் விளைவு ஒன்றன்று.

அதோடு, 3 வயதுக் குழந்தைக்குத் தனக்கு என்ன செய்கிறதென்று சொல்லத் தெரியாது. "நாக்கு முள்ளு குத்துது", "தொண்டையில ஏதோ இருக்கு" என்று சொல்லலாம். நாக்கைச் சுரண்டலாம், காதைப் பிடித்து இழுக்கலாம், விளையாட்டை விட்டுவிட்டுச் சோர்ந்து உட்காரலாம். பார்ப்பவர் அதை அடம் என்று எண்ணிவிடக் கூடும்.

எவ்வளவு போதும்?

உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2021இல் இக்கேள்வியை ஆராய்ந்தது. நிலக்கடலை ஒவ்வாத நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு, வெறும் 2 மில்லிகிராம் புரதமே அறிகுறிகளைத் தோற்றுவிக்கப் போதுமானது. ஒரு மல்லாட்டைப் பருப்பில் சுமார் 200 மில்லிகிராம் புரதம் உண்டு. அப்படியானால் ஒரு பருப்பில் நூற்றில் ஒரு பங்கு! சட்டை நுனியில் காக்காய்க்கடி கடித்தபின் அத்துணியில் ஒட்டியிருக்கும் தூளே இதற்குப் போதும்.

அவ்வளவு சிறிய அளவா என்று வியக்காதீர்கள். அப்புரத மூலக்கூற்றின் எடையை ஏறத்தாழ 60,000 என்று கொண்டு, அவகாட்ரோ எண்ணைப் பயன்படுத்திக் கணக்கிட்டுப் பாருங்கள். 2 மில்லிகிராமில் உள்ள மூலக்கூறுகள் 2-ஐ அடுத்து 16 சுழிகள் என்று வரும். நம் கண்ணுக்கு அது தூசி. மாஸ்ட் செல்லுக்கு அது பெரும்படை.

"வேகவைத்தால் போய்விடாதா?" என்று கேட்கலாம். புரதம் என்பது மடித்து வைத்த சங்கிலி. வெப்பம் சில மடிப்புகளைப் பிரித்துவிடும், சிலவற்றைப் பிரிக்காது. முட்டை வெள்ளையில் இருவகைப் புரதமும் உண்டு. அதனால்தான் ஒரு குழந்தைக்குக் கேக் ஒத்துக்கொண்டாலும் ஆம்லெட் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. மற்றொரு குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. அவித்த மல்லாட்டையைவிட வறுத்த மல்லாட்டையின் ஒவ்வாமைத் திறன் மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவித்தது பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளன்று.

செய்து பாருங்கள்

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் குழைத்து இரு உள்ளங்கைகளிலும் பூசிக்கொள்ளுங்கள். இடக்கையை வெறும் தண்ணீரில் நண்பர் ஒருவர் கழுவிவிடட்டும். வலக்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடட்டும். பிறகு இரண்டையும் வெள்ளைத் தாளில் அழுத்துங்கள். எந்தக் கையின் தடம் மஞ்சளாகத் தெரிகிறது? (சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பது ஏன் என்பதை உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.)

மஞ்சள் வேறு, புரதம் வேறுதான். ஆனால் அமெரிக்காவில் 2004இல் உண்மையான நிலக்கடலை வெண்ணெயைக் கைகளில் பூசி இதே சோதனையைச் செய்தார்கள். சோப்பினால் கழுவிய கைகளில் கடலைப் புரதம் தென்படவில்லை. வெறும் தண்ணீரில் கழுவிய 12 கைகளில் மூன்றிலும், கிருமிநாசினித் திரவம் தடவிய 12 கைகளில் ஆறிலும் அது எஞ்சியிருந்தது. கிருமிநாசினி கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. ஆகவே ஒவ்வாமையுள்ள குழந்தையைத் தூக்குமுன் சோப்பினால் கை கழுவுதல் மரியாதைக்காகச் செய்வதன்று; அது அறிவியல்.

பால்வாடிக்குப் போகும் முன்

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகள் அத்திட்டத்தின் மூலம் பிறந்தவை. எழுத்தும் பாட்டும் மட்டுமல்லாமல் உணவும் அங்கே தரப்படுகிறது. பல்லாயிரம் குழந்தைகளுக்கு அவ்வுணவே வளர்ச்சி. ஆனால் பொதுச் சமையலுக்கு ஒரு தன்மை உண்டு: ஒரே பாத்திரம், ஒரே கரண்டி. சத்துமாவில் கடலை இருக்கலாம். சுண்டலில் கொண்டைக்கடலை இருக்கும். கொண்டைக்கடலை நம் நாட்டில் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று என்று இந்திய ஆய்வாளர்கள் 2001இல் எழுதினர். இவை தவிர, பிறந்தநாள் சாக்லேட், கோயில் பிரசாதம், பக்கத்துக் குழந்தையின் டிபன் பெட்டி என்று உணவு வரும் வழிகள் பல.

2017 நவம்பரில் நியூயார்க் நகரில் ஒரு பாலர் பள்ளியில் துயரமான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பால் ஒவ்வாமை கொண்ட 3 வயதுச் சிறுவனுக்குப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கொடுக்கப்பட்டது. அவனுக்குப் பால் ஆகாது என்பது பள்ளிக்கு முன்பே அறிவிக்கப்பட்ட செய்தி. அவன் உயிர் பிழைக்கவில்லை. 2019இல் அச்சிறுவனின் பெயரைத் தாங்கிய சட்டம் ஒன்று அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. பாலர் பள்ளிப் பணியாளர் ஒவ்வாமையைத் தவிர்க்கவும், அறிகுறிகளை அடையாளம் காணவும், உடனே செயல்படவும் பயிற்சி பெற அது வழிவகுத்தது.

இதில் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு. அங்கே செய்தி இல்லாமல் போகவில்லை. அது கோப்பில் இருந்தது. உணவு பரிமாறும் கையில் இல்லை. குழந்தையின் உடல் மறவாமல் வைத்திருப்பதைச் சுற்றியுள்ளவர்களும் மறவாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே குழந்தையைச் சேர்க்கும்போது வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு தாளில் நான்கு செய்திகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தாருங்கள். ஒன்று, குழந்தைக்கு ஆகாத உணவும் அது மறைந்திருக்கும் பண்டங்களும். இரண்டு, முதலில் தோன்றும் அறிகுறிகள். மூன்று, மருத்துவர் எழுதித் தந்த மருந்தும் அது வைக்கப்பட்டிருக்கும் இடமும். நான்கு, அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள். தாள் சமையலறைச் சுவரில் இருக்கட்டும். ஆசிரியைக்கு மட்டுமல்ல, சமைக்கும் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் அது படித்துக் காட்டப்படட்டும். ஆசிரியை விடுப்பெடுத்த நாளில் வருபவருக்கும் தெரிய வேண்டும்.

கடையில் வாங்கும் பொட்டலங்களையும் படித்துப் பழகுங்கள். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, முந்திரி முதலிய கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை இருப்பின் உறையில் தெரிவிக்க வேண்டும். பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதொன்றே வழி.

முப்பது நிமிடக் கணக்கு

இங்கிலாந்தில் உணவு ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியாயிற்று. உணவு உட்சென்றதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும்வரை ஆன நேரத்தின் இடைநிலை அளவு 30 நிமிடம். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலையருகே ரயில்வே கேட் மூடியிருக்கக் காத்து நின்றவர்களுக்கு 30 நிமிடம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

இதற்கு மருந்து அட்ரினலின். ரிஷே கப்பலேறிய அதே 1901ஆம் ஆண்டில், ஜப்பானிய வேதியியலறிஞர் தக்காமினே அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். நோயும் மருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறியப்பட்டது வியப்பன்றோ? ஹிஸ்டமின் விரித்த இரத்தக் குழாய்களை அட்ரினலின் சுருக்கும். அது இறுக்கிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும். தொடையின் வெளிப்புறத் தசையில் இதைச் செலுத்துவார்கள். அளவு, கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.15 மில்லிகிராம். மலிவான, பழமையான மருந்து இது. சில நாடுகளில் பேனாவைப் போன்ற ஊசியில் அடைத்துப் பெற்றோரிடமே தந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு எந்த வடிவில் வேண்டும், யார் போடலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

தடிப்போடு இருமலோ மூச்சிரைப்போ, திரும்பத் திரும்ப வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் காலம் கடத்தக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். அல்லது அருகில் கிடைக்கும் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். அழுத்தம் குறைந்த நிலையில் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கி இதயத்துக்குத் திரும்பாது. அரிப்புக்குத் தரும் மாத்திரை தோலைத் தணிக்கும், மூச்சைக் காக்காது. கைவைத்தியம் செய்து பார்க்கும் நேரமும் இதுவன்று.

அஞ்சி ஒதுக்குவதா?

இவ்வளவும் படித்தபின் மல்லாட்டையைக் கண்டாலே அஞ்ச வேண்டுமோ என்று தோன்றலாம். வேண்டாம். பெங்களூரு, மைசூரு பகுதிகளில் நடந்த ஆய்வில் 7 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலேயே காணப்பட்டது. பெரியவர்களை ஆராய்ந்தபோது, நால்வரில் ஒருவருக்கு ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவர் நூற்றுக்கு ஒருவரே. ஆகவே இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்துக் குழந்தையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்துவிடுவது தவறு. வளரும் பிள்ளைக்குப் புரதம் குறைவதும் கேடுதான். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். பால், முட்டை ஒவ்வாமைகள் பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகின்றன என்பதும் ஆறுதலான செய்தி.

மேலும் ஒன்று. கடலையைத் தராமல் ஒதுக்கினால் ஒவ்வாமை வராது என்றுதான் முன்பு எண்ணினார்கள். லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015இல் அதைத் தலைகீழாக்கியது. எல்லோரும் ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகள். கடலையை 5 வயதுவரை தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை வந்தது. சிறு வயதிலேயே மருத்துவர் மேற்பார்வையில் தின்னத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே வந்தது. குடல்வழியே முறையாக அறிமுகமானதை உடல் நட்பாக ஏற்கக் கற்கிறது போலும்! ஆனால் இது வருமுன் காப்பது. ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தையிடம் வீட்டில் எவரும் சோதித்துப் பார்க்கலாகாது. முழுக் கடலை சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

நண்பர்களே, பகிர்ந்து தின்னும் பழக்கம் நம் ஊரின் நல்ல பழக்கம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு கேள்வியை மட்டும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்: "பாப்பாவுக்கு இது ஒத்துக்குமா?" நாளைக் காலை தங்கையைப் பால்வாடியில் விடும்போது, சமைக்கும் அம்மாவிடம் பேசிப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் ஒரு தாளும் பேனாவும் உங்கள் பையிலேயே இருக்கின்றன.